ஆஸ்பத்திரியில் ‘வாரேனுங்க’ சொல்லக் கூடாது

என் வீட்டுக்காரி மாசாணியம்மாளுக்கு வாயில் புண் வந்தபோது தேங்காய்க் களத்தில் எல்லோரும் முதலில் சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? கிணத்துக்கடவில் அவளைப் போலப் பேசுகிறவள் வேறு யாரும் கிடையாது. கொப்பரைக்குத் தேங்காய் உடைத்துக் காயப்போடுகிற வேலை அவளுக்கு. உடைக்கிற சத்தத்தையும் மீறி அவள் சத்தம் லாரி நிற்கிற இடம் வரைக்கும் கேட்கும். நான் அங்கேதான் மூட்டை ஏற்றிக்கொண்டிருப்பேன். "காளிச்சாமி, உம்பட பொண்டாட்டி வாய்க்கு ஓய்வு வேணும்னு சாமியே புண்ணை அனுப்பியிருக்குது" என்றார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

புண் ஆறவில்லை. இடது கன்னத்துக்குள் புகையிலை ஒதுக்கி வைக்கிற அதே இடம். உள்ளூர் டாக்டர் ஊதா மருந்து தடவினார், டானிக் கொடுத்தார், கடைசியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "கோயமுத்தூருக்குப் போயிடுங்க, தாமசம் பண்ணாதீங்க" என்றார். பெரியாஸ்பத்திரியில் துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை டாக்டர் கிருபாசங்கர் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"புற்றுநோய்தான். ஆனா ஆரம்பத்துலேயே வந்துட்டீங்க. கரண்ட் வெச்சா சரியாயிடும். தள்ளிப் போட்டா நான் இப்படிச் சொல்ல முடியாது."

கரண்ட் என்றால் மெஷினுக்கடியில் படுக்க வைத்துக் கதிர் பாய்ச்சுவதாம், ஷாக் அடிக்காதாம். மாசாணி அதையெல்லாம் காதில் வாங்கினாளோ என்னவோ, ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"பேச்சு நிக்காதுங்களே?"

"நிக்காதும்மா" என்று டாக்டர் சிரித்தார்.

நல்ல மனுஷன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் அவரை நான் கொஞ்சம் திட்டப் போகிறேன். தாய் தகப்பன் தமிழர்கள்தான், ஆனால் பம்பாயில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய தமிழ் சினிமாவைப் பார்த்துக் கற்றுக்கொண்ட மாதிரி இருக்கும்.

"ஆறு வாரம், சனி ஞாயிறு தவிர தினமும் வரணும். மெஷின் ஒண்ணுதான் இருக்கு. நெறையப் பேர் பாதியில நின்னுடறாங்க. கூலி போகுது, பஸ் இல்லைங்கறாங்க. பாதியில நின்னா வெச்சதும் வீண், அந்த இடமும் வீண். அதனால நிச்சயமா வர்றவங்களுக்குத்தான் இடம் தர்றேன். திங்கக்கிழமை ஆரம்பிக்கலாம். வருவீங்களா?"

நானும் மாசாணியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

எங்கள் பக்கத்தில் யார் வீட்டிலிருந்து கிளம்பினாலும் 'போறேன்' என்று சொல்ல மாட்டோம். தீராத சண்டை போட்டுக்கொண்டு கிளம்பினாலும் 'வாரேனுங்க' என்றுதான் வாயில் வரும். இரண்டே இடம்தான் விலக்கு. ஒன்று இழவு வீடு, இன்னொன்று ஆஸ்பத்திரி. அங்கே போய் 'வாரேனுங்க' என்று சொன்னால் அந்தக் காரியத்தையே திரும்ப வரச் சொல்லி வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்ட மாதிரி. அதுவும் இந்த வியாதிக்கு!

"சரீங்க" என்றாள் மாசாணி.

"சரின்னா? வருவீங்களா?"

"அதானுங்க, சரீங்கன்னு சொல்லீட்டனுங்களே."

"வருவேன்னு வாயைத் தெறந்து சொல்லுங்கம்மா."

மாசாணி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவள் வாய் மூடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. டாக்டர் பயந்துபோய் எழுந்து வந்தார். "என்னாச்சு? வாயைத் தெறக்க முடியலையா?" அவள் ஆவென்று திறந்து காட்டினாள். அவர் டார்ச் அடித்து, விரல் வைத்து அளந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தானே தெறக்குது!" என்றார். அவள் மறுபடி மூடிக்கொண்டாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்களாவது சொல்லுங்க."

"நீங்க சொன்னா அதுக்கு மேல என்னங்க டாக்டர்" என்றேன். எழுந்து கும்பிட்டேன். "அப்ப நாங்க போறோமுங்க."

எவ்வளவு சாமர்த்தியமாக, அபசகுனமில்லாமல் சொல்லிவிட்டு வந்தேன் என்று எனக்கே பெருமை. பஸ்ஸில் மாசாணியும் என்னைப் பாராட்டினாள். அவள் என்னைப் பாராட்டுவது அபூர்வம். வீட்டுக்கு வந்ததும் புகையிலைப் பொட்டலத்தை அவளே அடுப்பில் போட்டாள். போட்டுவிட்டு அந்தப் புகையைக் கொஞ்சம் முகர்ந்துகொண்டாள், அது வேறு விஷயம்.

திங்கட்கிழமை விடிந்ததும் கிளம்பி, கோயமுத்தூர் உக்கடத்தில் இறங்கி, ஆஸ்பத்திரி வரைக்கும் நடந்தே போனோம். கரண்ட் ரூமுக்கு வெளியே நீள பெஞ்சு. வெங்கடம்மாள் என்கிற ஆயா பேர் சொல்லிக் கூப்பிட, ஒவ்வொருவராக உள்ளே போய் வந்தார்கள். எங்கள் பேர் வரவே இல்லை. கடைசியில் நானே போய்க் கேட்டேன்.

"மாசாணியம்மாளா? உங்க எடம் வேற ஆளுக்குக் குடுத்தாச்சுங்களே. இனிப் பொங்கலுக்குப் பொறகுதானுங்க."

தீபாவளி முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

"ஏனுங்க அப்புடி?"

"நீங்கதான் வரலீன்னு சொல்லிப்போட்டுப் போனீங்களாமா?"

எனக்கு வந்த கோபத்தில் பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். ஆனால் எங்கள் ஊர்க்காரன் கோபத்துக்கு ஒரு கெட்ட பழக்கம், அதிலும் மரியாதை ஒட்டிக்கொண்டே வரும். "ஏனுங்க, மனுசங்களுங்களா நீங்கெல்லாம்? உங்களுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சுங்க?" என்று கத்தினால் யார் பயப்படுவார்கள்? டாக்டர் அன்றைக்கு ஊரிலேயே இல்லை. வெங்கடம்மாள் எனக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து அனுப்பி வைத்தாள்.

எனக்குப் பொக்கென்று போய்விட்டது. தள்ளிப் போட்டால் இப்படிச் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னாரே, அந்தப் பேச்சு வழியெல்லாம் காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. பொங்கல் வரைக்கும் அந்தப் புண் சும்மா இருக்குமா?

களத்துக்கு வந்ததும் முதலாளி நரசிம்மலு விஷயத்தைக் கேட்டார். "இதுக்கா இத்தனை மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டு வர்றே? எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க. நாளைக்கே ஒரு லெட்டர் வாங்கித் தர்றேன். கொண்டு போய்க் குடு, ஒடனே எடம் கெடைக்கும்."

நான் கும்பிடப் போனேன். மாசாணி குறுக்கே வந்தாள்.

"வேண்டாமுங்க மொதலாளி. லெட்டரைக் கொண்டு போய் எடம் புடிச்சா, உக்காந்திருக்கற இன்னொருத்தரை எந்திரிக்க வெக்கோணுமுங்க. அவங்களும் நம்மளாட்டந்தானுங்க, பஸ்ஸுக்கு நின்னு வந்தவங்க."

நான் பேசினேன். பேசினேன் என்ன, குதித்தேன். "உசுரு போற எடத்துல உனக்கு என்னம்மணி தர்ம நியாயம்?" என்றேன். அவள் மசியவில்லை. அவளுக்கு வாய் மட்டும்தான் பெரிது என்று நினைத்திருந்தேன், பிடிவாதம் அதைவிடப் பெரிது.

சத்தம் கேட்டு முதலாளியின் வீட்டம்மா ரங்கநாயகி வெளியே வந்தார். அவருக்கும் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மாரில் இதே வியாதி. காரில் போய்க் காரில் வந்து, இப்போது தெம்பாக இருக்கிறார். மாசாணி அவரைப் பார்த்ததும் கேட்டாள்.

"ஏனுங்க அம்மணி, உங்ககிட்டயும் தனியார் ஆஸ்பத்திரியில வருவீங்களான்னு கேட்டாங்களா?"

ரங்கநாயகியம்மா யோசித்தார். "இல்லியே! அப்புடி யாருமே கேக்கலியே. ஒருக்கா தங்கச்சி மக கல்யாணம்னு நாலு நாள் போகாம இருந்துட்டேன். அவங்களே போன் பண்ணி, எப்ப சவுகரியப்படுதோ அப்ப வாங்கன்னாங்க."

அவர் கள்ளமில்லாமல்தான் சொன்னார். எனக்குத்தான் வயிறு எரிந்தது. காசிருக்கிறவர்களை யாரும் 'வருவியா' என்று கேட்பதில்லை. வரவில்லை என்றால் கூப்பிட்டு அனுப்புகிறார்கள். எங்களிடம்தான் சத்தியம் வாங்குகிறார்கள். சத்தியம் செய்யத் தெரியாவிட்டால் இடம் போச்சு. இதை ரங்கநாயகியம்மாவிடம் சொல்லவில்லை, அவர் மேல் தப்பில்லையே. மறுநாள் டாக்டரிடம் சொல்வதற்காகப் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

மறுநாள் டாக்டர் இருந்தார். எங்களைப் பார்த்ததும் ஆச்சரியப்பட்டார். "நீங்களா? வரமாட்டோம்னுட்டுத்தானே போனீங்க?"

"எப்பங்க சொன்னோம்?"

"வருவீங்களான்னு எத்தனை தடவை கேட்டேன்? கடைசியில 'போறோம்'னு சொல்லிட்டு எழுந்து போனீங்க."

"ஆஸ்பத்திரியில நின்னுக்கிட்டு எப்புடீங்க வாரேன்னு சொல்றது?" என்று கத்தினேன்.

"ஏன், சொன்னா என்ன?"

பெஞ்சு முழுக்க அவர் பக்கம் திரும்பியது. இவ்வளவு படித்த மனுஷனுக்கு இதுகூடவா தெரியாது என்று எல்லோரும் பார்த்தார்கள். அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் அவருக்கு விளக்க ஆரம்பித்தார்கள். சூலூர்க்காரர் ஒருவர், தொண்டையில் ஊதா மையால் கோடு போட்டிருந்தவர், "நான் வாரேன்னு சொல்லீட்டனுங்க டாக்டர். ஆனா வெளியில போயி மூணு தரம் எச்சலைத் துப்பீட்டுத்தானுங்க பஸ் ஏறினேன்" என்றார். பக்கத்தில் இருந்த அம்மா, "நானுஞ் சொன்னனுங்க. சொல்றப்ப மனசுக்குள்ள 'மாரியம்மன் கோயலுக்கு'ன்னு சேத்திக்கிட்டனுங்க. கோயலுக்கு வாரேன்னாத் தப்பில்லீங்கல்ல?" என்றார். வெங்கடம்மாளே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டாக்டரும் சிரித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

சிரித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டார்.

"வெங்கடம்மா, அந்த வால்பாறைக்காரர், எஸ்டேட்ல வேலை செய்யறவர், வெள்ளியங்கிரின்னு பேர். அவர் என்ன சொன்னார்?"

"சரீங்க சாமின்னுதானுங்க சொன்னாரு. அடுத்த வாரம் வந்தாருங்க. எடமில்லீன்னோம். அதுக்கும் சரீங்க சாமின்னுட்டுப் போயிட்டாருங்க."

"அந்தப் பேரூர் அம்மா?"

"அவங்களுஞ் சரீங்கன்னுதானுங்க சொன்னாங்க" என்றாள் வெங்கடம்மாள். டாக்டர் பெஞ்சில் எங்களோடு உட்கார்ந்துவிட்டார். நான் அவருக்காகச் சேர்த்து வைத்திருந்த பேச்சு முழுவதும் தொண்டையிலேயே நின்றுபோனது. இருந்தாலும் ஒன்றைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

"எங்க மொதலாளி ஊட்டம்மாகிட்ட இப்புடி யாருங் கேக்கலியாமுங்க டாக்டர்" என்றேன். கத்தாமல், மெதுவாகத்தான் சொன்னேன்.

"கேக்க மாட்டாங்க" என்றார் அவர்.

அப்புறம் எழுந்து உள்ளே போய் மெஷின் பார்க்கிறவரோடு பேசினார். வெளியே வந்து, "எல்லாருக்கும் முடிஞ்ச பிறகு, கடைசியா இன்னொருத்தருக்கு வைக்கலாம்னு அவர் ஒத்துக்கிட்டார். சாயங்காலம் ஆகும். யாரோட இடத்தையும் எடுக்க வேண்டியதில்லை" என்றார். மாசாணி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைப் பிறகு பல நாள் நான் தாங்க வேண்டியிருந்தது.

"அப்ப நாளையிலேர்ந்து வரு..." என்று ஆரம்பித்த டாக்டர் நாக்கைக் கடித்துக்கொண்டார். கொஞ்சம் யோசித்தார். "எந்த பஸ்ல?" என்றார்.

அவ்வளவுதான், மாசாணிக்கு மடை திறந்துகொண்டது. "ஒண்ணரை மணி பொள்ளாச்சி பஸ்ஸுங்க. அதுல முன்னாடி சீட்டு கெடைக்குமுங்க. அந்த கண்டக்டரு மாமியா ஊடு எங்கூருதானுங்க, நெம்பத் தங்கமான மனுசன். அதை உட்டாப் பொறகால இன்னொரு பஸ்ஸு வருமுங்க, ஆனா அது ஒத்தக்கால்மண்டபத்துல ஆளை ஏத்தறேன்னு நின்னே கொல்லுமுங்க." டாக்டர் 'ஒன்றரை மணி பஸ்' என்று மட்டும் எழுதிக்கொண்டார். அன்றையிலிருந்து அந்த ரூமில் யாரிடமும் 'வருவீங்களா' என்று கேட்கவில்லை. எந்த பஸ் என்று கேட்டால் போதும், வருகிறவர் பஸ்ஸைச் சொல்வார். பஸ்ஸே கிடையாது என்கிறவரை வார்டில் படுக்க வைக்க முடியுமா என்று பார்த்தார்கள்.

திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கெல்லாம் டாக்டர் தபால் கார்டு போட்டார். இரண்டு வாரம் கழித்து வெள்ளியங்கிரி மலையிலிருந்து இறங்கி வந்தார், கையில் ஒரு பொட்டலம் தேயிலையோடு. "எந்த பஸ்ல வர்றீங்க?" என்று டாக்டர் ஆசையாகக் கேட்க, "பஸ்ஸெல்லாம் எதுக்குங்க சாமி, உக்கடத்துலயே எங்க ஒறம்பரைக்காரங்க ஊடு இருக்குது, நடந்தே வந்திருவேன்" என்றார். டாக்டர் அதையும் எழுதிக்கொண்டார். சில கார்டுகளுக்குப் பதில் வரவில்லை. பேரூர் அம்மாவின் மகன் மட்டும் நேரில் வந்து, அம்மா ஐப்பசியிலேயே போய்விட்டதாகச் சொல்லிவிட்டுப் போனான். போகும்போது அவனும் 'வாரேனுங்க' சொல்லாமல்தான் போனான். டாக்டர் அன்றைக்குச் சாப்பிடவில்லை என்று வெங்கடம்மாள் சொன்னாள்.

மாசாணியின் கன்னத்தில் ஊதா மையால் கட்டம் போட்டார்கள், அழிக்கக் கூடாது என்றார்கள். பஸ்ஸில் யாராவது உற்றுப் பார்த்தால், "ஓட்டுப் போட்டனுங்க, வெரல்ல எடமில்லீன்னு இங்க வெச்சுட்டாங்க" என்பாள். முதல் இரண்டு வாரம் இப்படிக் கும்மாளமாகத்தான் போனது. கூலி போனது போனதுதான், அரிசி கடனாகத்தான் வந்தது. ஆனாலும் எங்களுக்குள் சிரிப்புக்குக் குறைச்சல் இல்லை.

மூன்றாம் வாரத்தில் வாய் முழுக்க வெந்துபோயிற்று. இளநீரும் ஆறின கஞ்சியும்தான் இறங்கியது. பேச்சு நின்றுவிட்டது. இது வரும், போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சொன்னால் மனசு கேட்கிறதா? எல்லாம் சைகைதான். அவள் கையைச் சுற்றிக் காட்டினால் நான் விசிறியை எடுத்துக் கொடுப்பேன், அவள் கேட்டது ரேடியோவாக இருக்கும். தலையில் அடித்துக்கொள்வாள். அந்தச் சைகை மட்டும் எனக்குத் தப்பாமல் புரிந்தது.

மத்தியான பஸ்ஸுக்கு முன்னால், காலையில் களத்தில் லாரிக்குப் பக்கத்தில் நின்று மூட்டை ஏற்றும்போது காது அந்தப் பக்கமே போகும். தேங்காய் உடைகிற சத்தம் மட்டும்தான் வரும். எத்தனை வருஷமாக அவள் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வேலை செய்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்கு அவள் பேச்சு பிடிக்கும். நெம்பப் பிடிக்கும். அதை ஒரு நாளும் அவளிடம் சொன்னதில்லை, சொல்வதற்கு அவள் இடம் விட்டதும் இல்லை. இப்போது இடம் நிறைய இருந்தது, எனக்குத்தான் பயத்தில் வாய் வரவில்லை. டாக்டர் நிக்காது என்றாரே, நின்றுவிட்டதே என்று தினமும் நினைத்துக்கொள்வேன்.

ஆறு வாரமும் ஒரு நாள் தவறாமல் போனோம். வெந்த வாய் ஆற இன்னும் கொஞ்ச நாள் விட்டு, தை பிறந்த பிறகு டாக்டர் பார்த்தார். டார்ச் அடித்தார். கன்னத்தை உள்ளும் வெளியும் தடவினார். கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"புண் போயிடுச்சு" என்றார். "சுத்தமா இருக்கு. மூணு மாசத்துக்கு ஒரு தடவை நான் பார்க்கணும். புகையிலை பக்கமே போகக் கூடாது. வலி இருக்கா? பேசிப் பாருங்க."

மாசாணி தொண்டையைச் செருமினாள். கரகரவென்று ஏதோ வந்தது. இன்னொரு தடவை செருமினாள்.

"இந்த மனுசனுக்கு ஒரு சைகை புரியலீங்க டாக்டர்" என்றாள்.

உக்கடத்தில் பஸ் ஏறினதிலிருந்து ஆரம்பித்துவிட்டாள். இத்தனை நாள் உள்ளேயே கிடந்த பேச்செல்லாம் வரிசையில் நின்று வந்தது. வெங்கடம்மாளின் மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பது, வெள்ளியங்கிரி கொடுத்த தேயிலையில் தூசி இருந்தது, நான் கஞ்சியில் இரண்டு தடவை உப்புப் போட்டது என்று எதையும் விடவில்லை. குரல் கரகரத்தது, ஆனால் சத்தம் பழைய சத்தம். பக்கத்து சீட்டு அம்மாள் 'ம்' போட்டே களைத்துவிட்டாள். ஒத்தக்கால்மண்டபம் தாண்டும்போது முன் சீட்டிலிருந்த ஒரு ஆள் திரும்பினார்.

"ஏனுங்க, உங்கூட்டம்மாவைச் சித்தெ நேரம் சும்மா இருக்கச் சொல்லுங்க. தலை வலிக்குது."

நான் எழுந்து நின்றேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"சொல்ல மாட்டனுங்க. உங்களுக்குத் தலை வலிச்சா எறங்கி அடுத்த பஸ்ஸுல வாங்க. அவ பேசுவாளுங்க. ஊரு வரைக்கும் பேசுவா. ஊருக்குப் போயும் பேசுவா. பேசட்டுமுங்க!"

உட்கார்ந்து ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். மாசாணி அதைப் பார்த்துவிட்டாள். பார்த்துவிட்டு, பக்கத்து சீட்டு அம்மாளிடம் அதைப் பற்றியும் பேச ஆரம்பித்தாள்.